நூறு மாடிப் புற்றுக்கு ஓர் ஆட்சேபனை

ஒரு காட்டில் ஓர் ஓணான் இருந்தான். பெயர் வேலியப்பன். சொத்து என்று அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பாறை. அதுவும் பெரிய பாறை ஒன்றுமில்லை. ஆமை படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். ஆனால் விடிந்ததும் காட்டின் முதல் வெயில் அதில்தான் விழும். அதில் படுத்து வயிற்றைக் காய வைத்தால்தான் வேலியப்பனுக்குக் கைகால் வரும். வெயில் படாத ஓணானும் ஒன்றுதான், காய்ந்த சுள்ளியும் ஒன்றுதான். மேலே வட்டமடிக்கும் பருந்துக்கு இது நன்றாகத் தெரியும். வேலியப்பனின் அப்பா மப்பும் மந்தாரமுமான ஒரு காலையில் இதே பாறையில் படுத்திருந்தார். பிறகு இல்லை. அதனால் வெயில் விஷயத்தில் வேலியப்பன் விளையாட்டுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான்.

பாறைக்குக் கிழக்கே மண்ணாத்தாளின் புற்று இருந்தது. மண்ணாத்தாள் கரையான்களின் ராணி. பிள்ளைகள் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. வேலியப்பன் அவளை அக்கா என்பான், அவள் அவனைத் தம்பி என்பாள். அவ்வப்போது அவள் பிள்ளைகளில் ஒன்றிரண்டை அவன் சாப்பிட்டதும் உண்டு. அக்கம்பக்கம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று அவளும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

இப்படி ஒற்றுமையாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் புங்க மரத்தில் அறிவிப்பு ஒன்று தொங்கியது. மண்ணாத்தாள் தன் புற்றை ஏழு மாடியாக உயர்த்த விண்ணப்பித்திருக்கிறாள். ஆட்சேபனை உள்ளவர்கள் காட்டுக் கட்டுமான அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

வேலியப்பன் பாறையில் நின்று கிழக்கே அண்ணாந்து பார்த்தான். ஏழு மாடி எழும்பினால் உச்சிப்பொழுது வரை பாறையில் நிழல். உச்சிப்பொழுது வரை அவன் சுள்ளி. பாறையிலிருந்து குதித்தவன் ஓடிய ஓட்டத்தில் வாலை விட்டுவிட்டு வராததே பெரிய விஷயம்.

கட்டுமான அதிகாரி ஓர் எருமை. அலுவலகம் என்பது அவர் படுத்திருந்த சேற்றுக்குட்டைதான். வேலியப்பன் கரையில் நின்று கத்தினான், குதித்தான், அப்பா கதையைச் சொல்லி அழுதான். எல்லாம் எருமை மாட்டின் மேல் மழை பெய்தது மாதிரிதான். அழுது முடித்த பிறகு அதிகாரி ஒரு காதை மட்டும் அசைத்தார்.

“இப்பல்லாம் ஆட்சேபனையை நாங்க விசாரிக்கிறதில்லப்பா. சமரசத்துக்கு அனுப்பிடுறோம்.”

“சமரசம்னா என்னங்கய்யா?”

“நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுவீங்க. நான் படுத்திருப்பேன். பேசி என்ன முடிவு வருதோ அதை அப்படியே கட்டணும். ஒரு மாடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மீறினா புற்றை நானே வந்து மிதிப்பேன்.”

சமரசம் செய்து வைக்க ஒரு தேவாங்கு வந்தார். பக்கத்துக் காட்டில் அதற்கென்று நடந்த முகாமில் பயிற்சி எடுத்தவர். தேவாங்குகள் பகலில் தூங்குகிறவர்கள். இவர் பகலில் வேலை பார்க்க வேண்டியிருந்ததால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் இருக்கப் பழகியிருந்தார். அந்த இரண்டு பெரிய கண்களும் தன்னையே பார்ப்பதைக் கண்ட எவரும், இவ்வளவு அக்கறையாக நம் பேச்சை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று நெகிழ்ந்து போவார்கள். வேலியப்பனும் நெகிழ்ந்தான்.

மண்ணாத்தாளால் நகர முடியாது என்பதால் புற்றடியிலேயே கூட்டம் நடந்தது. அவள் குரல் மட்டும் ஒரு துளை வழியாக வந்தது.

“நான் தீர்ப்பு சொல்ல வரல,” என்றார் தேவாங்கு. “உங்க மனசுல இருக்கிறதை வெளியில எடுக்க வந்திருக்கேன். கடைசியில ரெண்டு பேருக்குமே வெற்றி. வேலியப்பன் தம்பி, ஏழு மாடிக்கு உங்களுக்குச் சம்மதமா?”

“முடியவே முடியாது!” என்று கத்தினான் வேலியப்பன்.

கத்தியதில் தவறில்லை. ஆனால் ஓணான் குலத்துக்குக் கோபம் வந்தால் தலை ஆடும். மேலும் கீழுமாக, நிற்காமல் ஆடும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். தேவாங்கின் கண்கள் அந்தத் தலையோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வந்தன.

“முகாம்ல சொல்லிக்கொடுத்தாங்க,” என்றார் அவர். “வாய் ஆயிரம் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது. ஏழு மாடிக்கே தலை இந்த ஆட்டம் ஆடுதுன்னா, உள்ள இன்னும் எவ்வளவு பெரிய மனசு இருக்கும்! பத்து மாடி?”

“யோவ், ஏழே வேணாங்கிறேன்!” தலை இன்னும் வேகமாக ஆடியது.

“பன்னிரண்டு?”

“அடப்பாவி!” தலை ஆடியதில் தாடை தரையில் இடித்தது.

“ஐயா,” என்று துளைக்குள்ளிருந்து மண்ணாத்தாள் கூப்பிட்டாள், “நான் ஏழுதானே கேட்டேன்?”

“பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவு தாராளமா இருக்கிறப்ப வேணாம்னு சொல்லக் கூடாதும்மா. உறவு கெட்டுடும்.”

முதல் நாள் பன்னிரண்டு மாடியில் முடிந்தது.

மறுநாள் வேலியப்பன் யோசித்து வந்தான். கவட்டைக் குச்சி ஒன்றில் கழுத்தைச் செருகி, தலை அசையாதபடி இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். தலை அசையவில்லை. ஆனால் வாயையும் திறக்க முடியவில்லை. தேவாங்கு வெகுநேரம் அவனையே பார்த்தார். “மௌனம் சம்மதம்,” என்று சொல்லி இருபது மாடி என்று குறித்துக்கொண்டார்.

வேலியப்பன் பாறைக்குத் திரும்பி, நாளைக்கு இல்லாமல் போகப்போகிற வெயிலைப் பார்த்து ஓவென்று அழுதான். அப்போது அவன் நண்பன் அரணை வந்தான். அரணை நல்ல புத்திசாலி. மறதிதான் கொஞ்சம் அதிகம்.

“அழாதடா. அந்தாளு உன் வாயை நம்பல, உடம்பைத்தான் நம்புறான். நீ தலைகீழாப் பண்ணு. வாயால சம்மதம்னு சொல்லு. கோபப்படாம உக்காரு, தலை ஆடாது. உடம்பு மறுக்குதுன்னு அவனே எழுதிக்குவான்.”

“டேய், நீ தெய்வம்டா!”

“இரு, முழுசாக் கேளு. இதவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. உன் தலை கோபத்துல மட்டும் இல்ல...”

“இல்ல?”

அரணை அவனை உற்றுப் பார்த்தான். “ஆமா, நீ ஏன்டா அழுதுட்டிருக்க?” என்று கேட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டான்.

மூன்றாம் நாள் வேலியப்பன் சிரித்த முகமாக உட்கார்ந்தான். “அக்கா, இருபது என்ன இருபது, நூறு மாடி கட்டுங்க. எனக்குப் பரிபூரண சம்மதம்.”

தலை கல் மாதிரி நின்றது.

தேவாங்கு முன்னால் வந்து உற்றுப் பார்த்தார். பின்னால் போய் வாலைப் பார்த்தார். வாலும் அசையவில்லை. “ஐயையோ,” என்றார். “வாய்தான் சம்மதம்ங்குது. உள்ளுக்குள்ள இவருக்கு எவ்வளவு வேதனை! அம்மா, நூறும் வேண்டாம், இருபதும் வேண்டாம். புற்று இருக்கிறபடியே இருக்கட்டும். அதுதான் முடிவு.”

ஜெயித்துவிட்டான்! பாறை பிழைத்தது, வெயில் பிழைத்தது, அவனும் பிழைத்தான். வேலியப்பனின் வயிற்றிலிருந்து சந்தோஷம் பொங்கிக் கழுத்துக்கு ஏறியது. கழுத்திலிருந்து தலைக்கு ஏறியது. அவ்வளவுதான், தலை பிய்த்துக்கொண்டு ஆட ஆரம்பித்தது. கோபத்தில்கூட அவன் தலை அப்படி ஆடியதில்லை.

“ஆகா!” தேவாங்கின் கண்கள் கலங்கின. “வாய் நூறுன்னுச்சு, இப்பத்தான் உடம்பும் அதோட ஒண்ணு சேருது. நூறு மாடி!” உடனே அதை எருமைக்கு அனுப்பினார். எருமை படுத்தவாக்கில் குளம்பால் முத்திரை குத்தினார்.

மண்ணாத்தாள்தான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாப் போச்சே! நூறு மாடிக்கு என் பிள்ளைங்க மண்ணுக்கு எங்கடா போவும்?” ஆனால் கட்டாவிட்டால் மிதி. கரையான்கள் காட்டையே தோண்டி மண் சுமந்தன. புற்று எழுந்தது. நிழலும் எழுந்து பாறையை மூடியது. வேலியப்பனுக்கு விரல் நுனி மரத்தது. வால் மரத்தது. பருந்தின் வட்டம் கொஞ்சம் தாழ்ந்தது.

‘வெயில் கீழே வராவிட்டால் நாம் மேலே போவோம்’ என்று கடைசித் தெம்பைத் திரட்டி வேலியப்பன் புற்றில் ஏறினான். புற்று வளர வளர அவனும் ஏறினான்.

“பாம்பு குடிபுகும்னுதான் எங்கம்மா சொல்லி வச்சா,” என்று உள்ளேயிருந்து மண்ணாத்தாள் முனகினாள். “ஓணானுமா?”

நூறாவது மாடி முடிந்த அன்று வேலியப்பன் மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்தான். சூரியன் காட்டைப் பார்க்கும் முன்பே அவனைப் பார்த்தது. அப்படி ஒரு வெயிலை அவன் அப்பா கனவிலும் கண்டதில்லை. கீழே காடு முழுக்க இருட்டு. எருமையின் குட்டை சில்லிட்டு அவர் தும்முகிற சத்தம் கேட்டது. வேலியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எட்டிப் பார்த்து, “பேசித் தீர்த்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லதுதான்யா!” என்று கீழே இருந்த அத்தனை பேருக்கும் அறிவுரை சொன்னான்.

அந்த வாரமே புங்க மரத்தில் புது அறிவிப்பு தொங்கியது. நூறு மாடிப் புற்றின் மொட்டை மாடியில் திறந்தவெளி உணவகம் நடத்தப் பருந்து விண்ணப்பித்திருக்கிறார். ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.

வேலியப்பன் தெரிவித்தான். தேவாங்கு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பருந்து வந்து எதிரில் அமர்ந்தார். பேச்சில் நல்ல மரியாதை.

“நமக்குப் பெருசா எதுவும் வேணாம் தம்பி. சாப்பாடு ஏற்கனவே இங்க இருக்கு. பரிமாற இடம் மட்டும் போதும்.”

“அருமை,” என்றார் தேவாங்கு. “ரெண்டு பேருக்குமே இதுல பங்கு இருக்கு. வேலியப்பன் தம்பி, உங்களுக்குச் சம்மதமா?”

அப்போது வெகு கீழேயிருந்து அரணையின் குரல் கேட்டது. “வேலியப்பா! ஞாபகம் வந்துருச்சுடா! உன் தலை கோபத்துல மட்டும் இல்ல, சந்தோஷத்துலயும் ஆடும்! அதத்தான் சொல்ல வந்தேன்! இன்னொண்ணும் இருக்குடா, பயம் வந்தா...” அதோடு குரல் நின்றது. பயம் வந்தால் என்ன ஆகும் என்பதை அவன் மறந்து போனான்.

வேலியப்பனுக்குப் பயம் வந்தது. தேவாங்கு கண்ணிமைக்காமல் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரைக்கு அடியிலிருந்து மண்ணாத்தாள் ஆறுதலாகச் சொன்னாள்: “அக்கம்பக்கம்னா அப்படி இப்படித்தான் இருக்கும் தம்பி.”

நீதி: பேசித் தீர்த்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.