ராசாவின் நெற்றிக்கண்

கொடிகாமம் சந்தையில் அந்தக் கிழமை கத்தரிக்காய் வாங்க ஆளில்லை. வாழைக்குலைகள் வெயிலில் கிடந்து பழுத்தன. சனம் முழுவதும் புளியமரத்தடியில் நின்றது. இங்கிலாந்து ராசாவுக்கு நெற்றிக்கண் திறந்துவிட்டதாம்.

திறந்த இடம் ஒரு சதக் காசு. ஒரு பக்கம் ஜோர்ஜ் ராசாவின் தலை, மறுபக்கம் பனைமரம். எல்லார் மடியிலும் கிடக்கிற அதே செப்புக் காசுதான். ஆனால் மரத்தடியில் வந்து குந்தியிருந்த சாமியாரின் காசில், கிரீடத்துக்குக் கீழே, புருவத்துக்கு மேலே, வட்டமாக ஒரு கண். ராசா பக்கவாட்டில் திரும்பி நிற்பதால் அவருக்கு முன்பும் ஒரு கண்தான் தெரியும். அப்படியென்றால் இது இரண்டாவது கண்தானே என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாய்கள் எல்லாம் தேவாரம் பாடிக்கொண்டிருந்தன.

“இது மனிதன் செய்த வேலை இல்லை!” என்றார் சாமியார். அவருக்குச் சடை இடுப்புவரை தொங்கியது. வயிறும் கிட்டத்தட்ட அதுவரைதான். “சீமையிலே காசடிக்கும் யந்திரம் ஒரு கணம் பிழைத்தது. அந்தப் பிழைக்குள்ளே பரமசிவன் புகுந்தார். காசு பிறக்கும்போதே கண்ணோடு பிறந்தது!”

“அரோகரா!” என்றது சனம். வெள்ளைக்கார ராசா சைவனாகிவிட்டதில் அவர்களுக்கு அப்படியொரு புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். ராசாவுக்குத்தான் இன்னும் யாரும் அறிவிக்கவில்லை.

யந்திரமும் ஒருமுறை மட்டும் பிழைக்கவில்லை போலும். சாமியாரின் பைக்குள்ளிருந்து கண் திறந்த காசுகள் வந்துகொண்டே இருந்தன. நெல்மூட்டை இறக்கியவனுக்கு ஒன்று. தோட்டைக் கழற்றிக் கொடுத்தவளுக்கு ஒன்று. ஏரம்பு பசுவோடு வந்திருந்தான்.

அவன் மனைவி பறுவதம் மாட்டு மாலுக்குள் போய்ப் பார்த்தபோது கன்று மட்டும் நின்று கத்தியது. வீட்டில் இரண்டு குழந்தைகள் அந்தப் பசுவின் பாலில்தான் வளர்ந்தார்கள். மிஞ்சிய பாலை விற்றுத்தான் அரிசி வந்தது. அவள் கன்றை அவிழ்த்து இழுத்துக்கொண்டு நேரே சந்தைக்கு நடந்தாள்.

ஏரம்புவுக்கு வந்த பைத்தியம் வேலிப் பைத்தியம். பக்கத்து வளவுக் கதிர்காமு வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை ஒரு சாண் இந்தப்பக்கம் தள்ளி நட்டுவிட்டான். வருசக்கணக்காய் வழக்கு நடக்கிறது. அந்தச் சாண் நிலத்தில் ஒரு மிளகாய்க் கன்று வராது. மானம் மட்டும் செழித்து வளரும்.

“இஞ்சருங்கோ, மாட்டை ஏன் இஞ்சை கொண்டு வந்தனீங்கள்?”

“சத்தம் போடாதை. கோட்டிலை வழக்கு ஆற்றை பேரிலை நடக்குது? ராசாவின்ரை பேரிலை. அவருக்கு நெற்றிக்கண் திறந்திட்டுது. இனி அவருக்குத் தெரியாமல் ஒரு கதியால் அரக்கி நட ஏலுமே?”

“கதிர்காமுவும் ஒண்டு வாங்கிக்கொண்டு அங்கை நிக்கிறான்.”

ஏரம்பு திகைத்தான். சாமியார் திகைக்கவில்லை. “அவனுடையது பார்க்கும் கண். உன்னுடையது எரிக்கும் கண்.”

ஏரம்பு உடனே கயிற்றை நீட்டினான்.

பறுவதம் குறுக்கே கையை வைத்தாள். “மாட்டைத் தாறம் சாமி. காசை ஒருக்கால் காட்டுங்கோ.”

வாங்கிப் பெருவிரலால் தடவினாள். “மூக்கு மேலை நிக்குது. தாடி மேலை நிக்குது. எழுத்தும் மேலை நிக்குது. கண் மட்டும் ஏன் குழிஞ்சு கிடங்காய்க் கிடக்குது?”

“தெய்வத்தின் கண் ஆழமானது.”

“நான் பனங்கட்டி காய்ச்சி ஓலைக் குட்டானிலை வார்க்கிறனான். குட்டான் ஓலை கிழிஞ்சிருந்தால் பாகு அதுக்குள்ளாலை பிதுங்கி, கட்டியிலை வால் மாதிரி நிக்கும். அது பிறவிப் பிழை. கட்டியிலை கிடங்கு இருந்தால் அது பிறவிப் பிழை இல்லை. எலி கடிச்சது! காசும் அச்சிலை பிறந்ததுதானே? அச்சு வெடிச்சிருந்தால் காசிலை மேடுதான் வரும். இது பிறகு ஆரோ குத்தின குத்து. ஓரத்தைத் தடவிப் பாருங்கோ, செம்பு ஒதுங்கி நிக்குது.” காசைத் திருப்பினாள். “கண் திறந்தது ராசாவுக்கு. பின்பக்கத்துப் பனை ஏன் நசுங்கினது?”

“அடி பாவி! தெய்வத்தை எலி என்கிறாயா? உன் பசுவின் மடி இக்கணமே வற்றும்!”

சனம் பயந்து பின்வாங்கியது. பசு பயப்படவில்லை. கன்றைக் கண்டு சுரந்து, சாபம் விழுந்த இடத்திலேயே பாலைச் சொட்டவிட்டது.

“மனிதக் கை இப்படி ஒரு கண் திறக்குமா?” என்று சாமியார் கூவினார். “திறந்து காட்டட்டும்!”

மரத்தின் மறுபக்கத்தில் யாகப்பு வண்டில் மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தான். பறுவதம் தன் மடியிலிருந்து ஒரு சதத்தை எடுத்துக் கல்லில் வைத்தாள். “யாகப்பண்ணை, உந்த மழுங்கின ஆணியை ராசாவின்ரை நெற்றியிலை வைச்சு ஒண்டு போடுங்கோ.”

“சிலுவை போட்ட வேதக்காரன் அடிச்சுச் சிவன்ரை கண் திறக்குமே?” என்றார் கூட்டத்தில் ஒரு கிழவர்.

திறந்தது. ஒரே அடி.

கிழவர் இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. யாகப்புவின் காலில் விழுந்தார். “அரோகரா! யாகப்பு சாமி!”

பறுவதத்துக்குத் தலை சுற்றியது. “விடாதையுங்கோ அண்ணை! இன்னும் போடுங்கோ!”

யாகப்பு போட்டான். கன்னத்தில், மூக்கில், கழுத்தில், ஒரு இடம் மிச்சமில்லை. பறுவதம் காசைத் தூக்கிக் காட்டினாள். “இப்ப கும்பிடுங்கோ! ராசாவுக்கு அம்மை போட்டிருக்கு. ஓடிப்போய் வேப்பிலை முறிச்சுக்கொண்டு வாங்கோ!”

முதலில் சிரித்தவன் கதிர்காமு. வழக்காளியின் பெண்சாதி சொன்னதற்குச் சிரித்தோமே என்று ஒரு கணம் வெட்கப்பட்டான். பிறகு, தான் கொடுத்த சங்கிலி நினைவுக்கு வந்தது. சாமியாரின் பையைப் பறித்துக் கொட்டினான். ஒரு சுத்தியல் விழுந்தது. ஒரு ஆணி விழுந்தது. கண் திறந்த ராசாக்களும், முறை வரும்வரை காத்திருந்த மற்ற ராசாக்களும் கலகலவென்று விழுந்தார்கள். சங்கிலியும் தோடும் கடைசியாக விழுந்தன. சாமியார் எழுந்து ரெயில் ஸ்ரேசன் பக்கம் பாய்ந்தார். கதிர்காமு எட்டிப் பிடித்தான். சடை கையோடு வந்தது, ஆள் வரவில்லை.

ஏரம்பு பசுக்கயிற்றைப் பறுவதத்திடம் கொடுத்தான். “அப்ப எங்கடை வழக்கு?”

“காணி உறுதியை எடுத்துக்கொண்டு வாங்கோ. கதிர்காமண்ணை கயித்தின்ரை ஒரு தலைப்பைப் பிடிக்கட்டும், நீங்கள் மற்றத் தலைப்பைப் பிடியுங்கோ. கயிறு போட்டு அளப்பம். அதுக்கு ரெண்டு கண்ணே காணும்.”

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். சனம் விட்டால்தானே. யாகப்புவுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு சதம்.

“யாகப்பண்ணை, எனக்கும் ஒரு கண் திறந்து விடுங்கோவன். வீட்டிலை கிடக்கட்டும்.”

யாகப்பு சுத்தியலைக் கீழே வைத்தான்.

“நான் மாட்டுக்கு அடிக்கிறது காலிலை. தலையிலை அடிக்கவேண்டியதுகள் எல்லாம் ரெண்டு காலிலை வந்து வரிசையிலை நிக்குதுகள். வீட்டை போய் இருந்து யோசிச்சுப் பாருங்கோ. யோசிக்க மாட்டம் எண்டிறவை மட்டும் குனிஞ்சு தலையை நீட்டுங்கோ, காசு வாங்காமல் அடிச்சு விடுறன்.”