பூசணிக்காய் ஏறாத வண்டி

நார்பர்ட் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டியபோது, அவன் மனைவி லவான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கோடை முழுக்க அவள் வளர்த்த ராட்சசப் பூசணிக்காய், வண்டிக்கு முன்னால் பலகைமேல் காத்திருந்தது.

“சாயங்காலம் கண்காட்சியில போட்டிக்கு எடை போட்டு முடிச்சுடுவாங்க. இது கிளம்புமா, கிளம்பாதா?”

“பார்சல்ல வந்த புது ரேடியேட்டரை மாட்டிட்டேன். கியர்பாக்ஸ் எண்ணெய் சூடு ஆற இதுக்குள்ள போற ரெண்டு குழாய்தான் சேரல. நம்மளது நட்டு போட்டுத் திருகுறது. இதுல, சொருகினா ‘டிக்’னு பிடிக்கிற வாய் வச்சிருக்கான்.”

“திருப்பி அனுப்பு.”

“இதுக்குப் போயா? குழாய்க்கு ஒரு இணைப்புத் துண்டு போட்டா முடிஞ்சுது.”

கடைக்கு ஓடி வாங்கி வந்தான். ஒருபுறம் சொருகி, மறுபுறம் திருகி, வண்டியைக் கிளப்பினான்.

“சொட்டுது,” என்றாள் லவான்.

“இன்னும் ஒரு சுத்து முறுக்கினா நிக்கும்.”

முறுக்கினான். நட்டு நகரவில்லை, குழாய்தான் ஈரத்துணியைப் பிழிந்தாற்போல் முறுக்கிக்கொண்டது.

“நார்பர்ட், போதும். விட்டுடு.”

“கெட்டுப்போனதை அறுத்துட்டு ரப்பர் ஹோஸ் மாட்டிடறேன். அம்புட்டுதான்.”

“நல்லா இருக்கிற இன்னொண்ணை எதுக்கு அறுக்கற?”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டுமே!”

ரப்பர் குழாய்களை மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கினான். ஒரு சொட்டு இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை அழுத்தினான்.

‘பட்’ என்று ஒரு சத்தம். திறந்திருந்த பானெட்டிலிருந்து சிவப்பு எண்ணெய் பீறிட்டு, பூசணிக்காயை உச்சி முதல் அடிவரை குளிப்பாட்டியது.

லவான் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு பூசணிக்காயைத் துடைக்க ஆரம்பித்தாள். அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“எதிர்வீட்டு டுவெய்ன்கிட்ட போய் வண்டி கேளு.”

“அவன்கிட்டயா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானே!”

“நான் சொல்லிக் காட்டப்போறதுக்கு அது எவ்வளவோ தேவலை.”

மானத்தை மடித்து வைத்துவிட்டு நார்பர்ட் சாலையைக் கடந்தான். டுவெய்னிடம் இருப்பதும் அதே கம்பெனி வண்டிதான். நாலைந்து வருஷம் புதுசு. அதற்கு அடியில் இரண்டு பூட்ஸ்கள் தெரிந்தன.

“டுவெய்ன், உன் வண்டி கொஞ்சம் வேணுமே.”

உள்ளிருந்து வெளிப்பட்ட முகம் முழுக்கச் சிவப்பு எண்ணெய்.

“நானே உன் வண்டியைக் கேக்க வரணும்னு இருந்தேன். ரேடியேட்டர்காரன் என் உயிரை வாங்கிட்டான்பா! என் வண்டிக்குச் சொருகுற குழாய். அந்த மடையன் திருகுற வாய் வச்சு அனுப்பியிருக்கான். வேற வழியில்லாம ரெண்டு குழாயையும் அறுத்துட்டேன்.”

நார்பர்ட் பக்கத்திலிருந்த வேலியை மெல்லப் பிடித்துக்கொண்டான்.

ரேடியேட்டர் வந்த காலி அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடுவதற்காக மடக்கிக்கொண்டே வெளியே வந்த டுவெய்னின் மனைவி, சட்டென்று நின்றாள்.

“டுவெய்ன், அறுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியைப் பாத்தியா? இதுல நார்பர்ட் பேருதானே போட்டிருக்கு!”