கோடு அக்காவும் மலை ஏறிய மீன் லாரியும்

மலேசியாவின் பேராக்கில் நகருகிற எதுவும் கோடு அக்கா கண்ணிலிருந்து தப்பியதில்லை. மனுஷன், மாடு, மழைத் தண்ணி, எதுவானாலும் சரி. ரப்பர் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்று, ஈப்போவில் எட்டு லாரிக்கு முதலாளியான நான் சொல்கிறேன், நம்பலாம்.

அக்கா என் ஆபீசில் பில் போடுகிறவர். ஆனால் கை சும்மா இருக்காது. யார் நடந்து வந்தாலும் காற்றில் விரலால் கோடு இழுப்பார். வேகம் கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும், ஒரே வேகமென்றால் மட்டமாக ஓடும். ஆள் நின்றுவிட்டால் தரை.

"அண்ணே, காலையில நீங்க வந்தீங்களே, வாசல்ல சர்ருன்னு மேல. முறுக்கு டப்பாகிட்ட தொபுக்குன்னு தரை. அப்புறம் ஏறவே இல்லலா!"

முதலாளியிடம் இப்படிப் பேச நெஞ்சு வேண்டும். அக்கா தன் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை மணவறைக்கு நடந்து வந்ததையே விட்டுவைக்கவில்லை. "ரெண்டு தடவ தரை தட்டுது, யோசிக்கிறாரு" என்று சபையில் சொல்லிவிட்டார். மிச்ச தூரத்தை மாப்பிள்ளை ஓடியே கடந்தார்.

பிறகுதான் லாரிகளில் ஒரு பெட்டி மாட்டினேன். எங்கே போனது என்று காட்டாது; எந்த நேரம் என்ன வேகம் என்பது மட்டும் கம்ப்யூட்டரில் கோடாக வரும். அக்காவுக்கு அன்றே தீபாவளி.

ஒருநாள், டிரைவர் செல்வம் கடலோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு ரொம்ப லேட்டாக வந்தார். ஐஸ் கரைந்து, சாப்பாட்டுக்கடை பாய் மீனைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் என் மச்சான் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க மச்சான், எவ்ளோ பெரிய மலை! மீனைத் தூக்கிக்கிட்டு கேமரன் மலைக்கு ஏறி எறங்கியிருக்கான். சொந்த வேலை! இன்னையோட அனுப்பிருங்க."

செல்வம் லாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அவர் வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தார். "மலையா? அது வேகம்லா! அந்த ரோடு தோசைக்கல்லு மாதிரி. கோடு மேல போனா அழுத்தி ஓட்டியிருக்காருன்னு அர்த்தம்."

"அப்ப ஏன் லேட்டு? எங்கயோ தூங்கிட்டான்!" மச்சான் விடவில்லை.

"தூங்கினா கோடு தரையில கெடக்கும். இங்க பாருங்க, தரைக்குக் கொஞ்சம் மேல, நீளமா, ஒரே மட்டம். இது ஆளு நடக்கிற வேகம். செல்வம், யார் பின்னால வந்தீங்க?"

செல்வம் அப்போதுதான் சொன்னார். "பழைய தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு சாவு, அக்கா. நடந்தே தூக்கிட்டுப் போனாங்க. ஹார்ன் அடிச்சு முந்த மனசு வரல. சொன்னா சாக்குன்னு நெனப்பீங்க."

மச்சான் கம்ப்யூட்டரைப் பழையபடி திருப்பி வைத்தார், ரொம்ப மெதுவாக. அதையும் அக்கா காற்றில் போட்டுவிட்டார்.

ஆளைப் பார்த்தே எடை போடுகிறவன் நான். அப்படிப்பட்ட டிரைவரை விடுவேனா? செல்வம் இன்றும் என் லாரிதான் ஓட்டுகிறார். மறுநாள் பாய் கடைக்குப் புது மீனை நானே கொண்டுபோனேன்.

சாயங்காலம் அக்கா தன் பழைய குட்டிக் காரில் ஆடி ஆடி வீட்டுக்குப் போவார். என் கார் பெரியது, விலையைக் கேட்டால் மயங்குவீர்கள். ஆனாலும் முச்சந்தி வரைக்கும் அவர் பின்னாலேயே போகிறேன். ஹார்ன் அடிப்பதில்லை.