இரண்டு அப்துல் ராஸிக்குகளும் ஒரு காலிக் கட்டமும்

அலெக்சாந்திரியா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு

பேரன்புக்குரிய மச்சான் ஷாஸ்லிக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் அப்துல் ராஸிக் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மருமகள் ஹனாதியும் உயிரோடு இருக்கிறோம். உயிரோடு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, கீழே வரும். அங்கே ஸோஹாக்கில் நீயும் பிள்ளைகளும் எருமையும் கரும்பும் சௌக்கியமா, உன் குடலிறக்க ஆபரேஷன் தையல் ஆறியதா என்று அறிய ஆவல்.

ஹனாதி டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்குத் தயாராகிறாள் என்று பெருநாளன்று சொன்னேன் அல்லவா. அது என்ன வேலை என்று அவளைக் கேட்டால், "கம்பெனியோட விவரமெல்லாம் ஒரு இடத்துல இருக்கும்பா. அது தொலையாம, கெட்டுப்போகாம, கண்டவங்க கை வைக்காம பாத்துக்கணும்" என்கிறாள். எனக்குப் புரிந்தவரை காவல் வேலை. கசாப்புக்கடைக்காரரிடம் அப்படியே சொன்னேன். "பொம்பளப் புள்ளைய வாசல்ல நிறுத்துவாங்களா ஹாஜி?" என்று வருத்தப்பட்டு கொஞ்சம் ஈரலைச் சும்மா கட்டிக் கொடுத்தார். அவள் படிப்பதோ வாய்விட்டுப் படிப்பு. "தாய் போயிட்டா பிள்ளை அநாதை, அநாதையெல்லாம் தேடிப் பிடிச்சு அழிக்கணும்" என்று ஒரு நாள் பாடம் ஓடியது. அது அட்டவணையில் இருக்கும் வரிசைகளைப் பற்றியதாம். பக்கத்து வீட்டு உம்மு ஷௌக்கிக்கு அது எப்படித் தெரியும்? தாயில்லாப் பெண் புத்தி பேதலித்துவிட்டது என்று அரிசிப் பாயசத்தோடு ஓடிவந்து, அவள் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். ஹனாதியும் சேர்ந்து அழுதாள். பாயசத்தை நான் சாப்பிட்டேன்.

இந்த நேரத்தில்தான் நம் ஊர்ச் சங்கத் தலைவர், அலெக்சாந்திரியாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். சாவு, கல்யாணம் என்றால் எல்லார் ஃபோனுக்கும் தானாகவே செய்தி போக வேண்டுமாம். இவளுக்குச் சந்தோஷம். கப்பல் கம்பெனி நேர்முகத் தேர்வில் இதையே செய்து காட்டலாம் என்று ஒப்புக்கொண்டாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிய அடையாள அட்டை எண் கேட்டாள். வரி ஆபீசுக்குப் போய்விடும் என்று ஒருத்தரும் கொடுக்கவில்லை. சரி, வீட்டுக்காரி பெயராவது கொடுங்கள் என்றாள். கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து நின்றவன் நான்தான், பெருமையாகவே சொல்கிறேன். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க பேரு ஊரு பூரா ஃபோன்ல சுத்தணுமா? மானம் மரியாதை இல்ல?" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கட்டம் முழுக்கக் காலியாகவே போயிற்று. ஹனாதி என்னையே பார்த்தாள்.

அடுத்த பாடம், ஒரே ஆள் இரண்டு தடவை ஏறியிருந்தால் ஒன்றை நீக்குவது. நீக்கினாள். நம் ஊரில் அப்துல் ராஸிக் மஹ்மூத் ஹம்தான் என்று இரண்டு பேர் இருப்பது உனக்குத் தெரியும். ஒருவன் நான், டிராம் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இன்னொருவன் ரொட்டிக்கடைக்காரன். அவன் தாத்தா வேறு ஹம்தான், என் தாத்தா வேறு ஹம்தான். ஊரில் டிராம் என்றும் ரொட்டி என்றும் சொல்லிச் சமாளிக்கிறோம், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஃபோன் எண் வேறாக இருக்கிறதே என்றால், ஒருவருக்கே இரண்டு ஃபோன் இருக்கலாம் என்று நினைத்தாளாம். எது முதலில் ஏறியதோ அது போயிற்று. அப்பன் என்பதால் என்னைத்தான் அவள் முதலில் ஏற்றியிருந்தாள். பெற்ற பெண்ணே, டீ குடித்துக்கொண்டே என்னை அழித்துவிட்டாள் மச்சான். நகல் எடுத்து வைத்தாயா என்று அவள் வாத்தியார் பிறகு கேட்டபோதுதான் அப்படி ஒன்று எடுக்க வேண்டும் என்பதே அவளுக்கு ஞாபகம் வந்ததாம்.

அப்படியே உன் அக்காவின் வருஷ நினைவு நாள் வந்தது. நாற்காலி வாடகைக்கு எடுத்தேன், குர்ஆன் ஓத நல்ல குரலுள்ள ஷேக்கைப் பிடித்தேன், துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபிக்குப் பெரிய பாத்திரம் ஏற்றினேன். சங்கத்திலிருந்து எல்லாருக்கும் செய்தி போயிற்று: "ஹாஜி அப்துல் ராஸிக் மஹ்மூத் ஹம்தான் அவர்களின் இல்லத்தரசியின் நினைவு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு." கீழே விலாசம் ரொட்டிக்கடைக்காரனுடையது.

ஊரே அங்கே போயிருக்கிறது. கதவைத் திறந்தவள் அவன் பெண்டாட்டி, கையெல்லாம் மாவோடு. முன்னால் நின்ற தலைவர், "அல்லாஹ் உங்க வீட்டம்மாவுக்கு சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும்" என்று அவளிடமே சொல்லிவிட்டார். "நான் எப்ப செத்தேன்? செத்திருந்தா இந்த ரொட்டியை யாரு சுடுறது?" என்று கேட்டாளாம். வந்தவர்கள் சிரித்துச் சிரித்து, சுடச் சுட ரொட்டி தின்று, ஓதிவிட்டு வந்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இங்கே நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஷேக் ஓதினார். கேட்டவர்கள் நானும் ஹனாதியும் உம்மு ஷௌக்கியும் வாடகை நாற்காலிகளும். ஓதி முடித்தவர், "போயிட்டவங்க பேரைச் சொல்லுங்க, துஆ செய்யணும்" என்றார். "ஹனாதியோட அம்மா" என்றேன். அவரும் அப்படியே துஆ செய்தார். அல்லாஹ்வுக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அன்று செய்தியைப் பார்த்த ஒருவருக்கும் புரியவில்லையே. இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டவள், ஊராருக்கு நினைவில்லாமல் போனாளே என்று அன்றைக்கு அழுதேன். ஆறிப்போன காபி அத்தனையும் நான்தான் கொட்டினேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது ஹனாதி ஆரம்பித்தாள். "அப்பா, என் தப்புதான். ஆனா அந்தக் கட்டத்துல அம்மா பேரு இருந்திருந்தா இது நடந்திருக்காது."

"அதுக்காக? கப்பல் கம்பெனிக்காரனுங்க உங்கம்மா பேரைப் படிக்கணுமா?"

"உங்க ஃபோன்ல அம்மா பேரு என்னன்னு இருக்குப்பா?"

"வீடு."

"இன்னும் அப்படியே இருக்கா?"

"இருக்கட்டுமே, அது பாட்டுக்கு."

அவள் ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். பிறகு, "உங்களை மறுபடி ஏத்திட்டேன், அம்மா பேரையும் நானே ஒரு நிமிஷத்துல எழுதிடுவேன். ஆனா அவங்க உங்க வீட்டுக்காரி, நீங்கதான் எழுதணும். நீங்க எழுதாம அந்தக் கட்டத்தை நான் தொடமாட்டேன்" என்றாள். நேர்முகத் தேர்வில் செய்த தப்பைப் பற்றிக் கேட்பார்களாம். எங்கப்பாவை அழித்தேன் என்று சொல்லப்போகிறாளாம். எப்படிச் சரிசெய்தாய் என்று அடுத்துக் கேட்பார்கள், அதற்குத்தான் பதில் இல்லை என்கிறாள். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு தேர்வு.

ஆகையால் மச்சான், தாய்மாமன் என்ற முறையில் நீ அவளுக்கு உடனே கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் குடும்பத்தில் இந்த வழக்கம் இல்லை, எங்கள் அக்கா பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நாங்கள் சம்மதிக்கவில்லை என்று சொல். வேண்டுமானால் டிராம் என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளட்டும். நான் சொன்னால் அவள் என்னையே பார்க்கிறாள், அந்தப் பார்வை அப்படியே உன் அக்காவுடையது, எனக்குத் தாங்கவில்லை.

உன் வீட்டாருக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உன் தையலையும் கரும்பையும் காப்பானாக.

உயிரோடிருக்கும்,
அப்துல் ராஸிக் (டிராம்)

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினேன், ஹனாதி குளிக்கப் போயிருந்தாள், கம்ப்யூட்டர் திறந்திருந்தது. ஆகவே மேலே எழுதிய கண்டிப்பையெல்லாம் நீ மறந்துவிடு. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அந்தக் கட்டத்தில் நானே எழுதிவிட்டேன். ஹனாதி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்து, அந்தப் பெயரை ஒரு தடவை தேடச் சொன்னாள். "ஒருத்தங்கதான்பா இருக்காங்க" என்றாள். மற்ற கட்டமெல்லாம் காலி என்பதால் அப்படித்தான் வரும் என்று அவளே சொன்னாள். இருக்கட்டும், எனக்கும் ஒருத்திதான். கீழே நான் எழுதியபடியே எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லு மச்சான், இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

நவ்வாரா.