சர்வருக்குக் காவல் நின்ற போர்மேன் அண்ணாச்சி

கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. அது வெடித்துவிடும் என்று பயந்த ஒரே கம்ப்யூட்டர்காரர் எங்கள் போர்மேன் அண்ணாச்சிதான்.

இரண்டாயிரங்களின் நடுவில், சிவகாசியில் ஒரு அச்சகத்து மாடியில் எங்கள் சாப்ட்வேர் கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளி, அண்ணாச்சி, நான், இன்னும் மூணு பேர். அண்ணாச்சி விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து, சாயங்காலக் கிளாஸில் ஜாவா படித்து, எங்கள் சர்வருக்குப் பொறுப்பாக வந்தவர். வரும்போது ஆலையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

சர்வர் ரூமுக்குள் செருப்பு கூடாது. உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்க, வாசலில் அடித்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழையணும். பக்கத்தில் மணல் வாளி. உள்ளே நாலு பேருக்கு மேல் ஆகாது. ஒருநாள் அண்ணாச்சியோடு நாலு பேர் உள்ளே இருக்க, முதலாளி வந்து கதவைத் தட்டினார்.

"ஒரு ஆளு வெளிய வரட்டும், பெறகு நீங்க வாங்க" என்றார் அண்ணாச்சி.

"கம்பெனி என்னோடதுதான அண்ணாச்சி?"

"ஆலை ஓனருக்கும் இதே ரூல்தான்."

பாவம், மனுஷன் தன் சொந்த ஆபீஸில் காத்துக்கிடந்தார்.

எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கை ஒரு பட்டாசுக் கம்பெனி. அவர்களுக்காக அந்தச் சர்வரில் ஆர்டர், ஸ்டாக், சம்பளம் என்று மூன்று அப்ளிகேஷன்கள். வெறும் முகவரியை மட்டும் தட்டினால் இதில் எது திறக்கணும் என்று சர்வரிடம் சொல்லிவைக்கணும். டீஃபால்ட் அப்ளிகேஷன் என்பது அதுதான். ஆர்டரை வையுங்கள் என்று அண்ணாச்சியிடம் படித்துப் படித்துச் சொன்னோம்.

தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனி ஓனர் வடக்கேயிருந்து வந்த வியாபாரிகளை உட்காரவைத்து, பெருமையாக முகவரியைத் தட்டினார். திரையில் வந்தது: "வாங்க. பீடி, தீப்பெட்டி இருந்தா வெளிய வச்சிருங்க. யாரப் பாக்கணும்?"

உடனே எங்கள் முதலாளிக்கு ஓனரிடமிருந்து போன். "பத்து நிமிஷத்துல ஆர்டர் பக்கம் வரணும். இல்ல, ஒங்க சங்காத்தமே வேண்டாம்!" அவர் போனால் நாங்கள் ஆபீஸைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முதலாளி அண்ணாச்சியிடம் ஓடினார். "அண்ணாச்சி, என்ன செஞ்சு வச்சிருக்கீக?"

"ஆலை கேட்டுல எவனாச்சும் சரக்க அடுக்குவானா? அங்கன வாட்ச்மேன் மாதிரி ஒரு பக்கத்தப் போட்டிருக்கேன். யாரு எவருன்னு கேட்டு உள்ள விடும்."

"வாட்ச்மேனத் தூக்குங்க! இல்லேன்னா உங்களத் தூக்கிருவேன்!"

"சரி, மாத்துறேன். ஆனா ரீஸ்டார்ட் பண்ணணும். எல்லாரும் கீழ எறங்குங்க."

"எதுக்கு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க!"

வாதாடவோ செருப்பு மாட்டவோ நேரமில்லை. முதலாளி உட்பட அத்தனை பேரும் வெறுங்காலோடு உச்சி வெயிலில் தெருவில் நின்றோம். எதிர்த்த டீக்கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"என்னய்யா, தீயா?"

"இல்லண்ணே, சர்வர் ரீஸ்டார்ட்."

அவர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

முதலாளியின் செல்போன் அடித்தது. "வந்திருச்சுய்யா!" என்று ஓனர் கத்தியது தெருவுக்கே கேட்டது. வியாபாரிகள் லோடு லோடாக ஆர்டர் போட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பிழைப்பு தப்பியது.

மாடிக்கு ஓடினேன். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்து, சர்வர் முன்னால் அண்ணாச்சி தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இது வெடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியும்லே. அப்படியே வெடிச்சாலும் நான் ஒருத்தன்தான? நீங்கள்லாம் சின்னப் புள்ளைக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டேன். சிக்கல் என்றதும் நம்மை முன்னால் தள்ளிவிட்டு நழுவுகிற அதிகாரிகளைத்தான் பார்த்தேன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் உள்ளே உட்கார்ந்த அந்தக் கோட்டிக்கார மனுஷன் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.