துப்பாக்கிக்கு நம்பர் போட்ட சட்டப்புலி

சட்டப்புலி என்றொரு இனம் உண்டு. காட்டிலாகா கணக்கெடுக்கும் புலிகளில் இது சேராது. கறுப்புக் கோட்டு அணியாது. கோர்ட்டு வாசலை மிதித்திருந்தால், அது சைக்கிளில் விளக்கில்லாமல் போனதற்கு அபராதம் கட்டத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் எந்த ஊர் டீக்கடைக்குப் போனாலும் சரி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, வடை மடித்து வந்த செய்தித்தாளின் வழக்குச் செய்தியை எண்ணெய்க் கறையோடு சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு, வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு, பக்கத்து வீட்டுப் பலாமரக் கிளை நம் வேலிக்குள் நீட்டினால் அதில் காய்த்த காய் யாருக்கு என்பது வரை தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஃபீஸ் கிடையாது. ஆபத்தே அதில்தான்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். "ஆமாம்" என்று ஒரே சொல்லில் முடிகிற கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். முடியாது. கண்ணை மூடுவார், டம்ளரைக் கீழே வைப்பார், "செய்யலாம். ஆனா அதுல ஒரு பாயிண்ட் இருக்குது" என்பார். அந்த "ஆனா"வில் நுழைந்தவர்கள் எந்த வழியாக வெளியே வந்தார்கள் என்று கேட்கிறீர்களா? வந்தவர்கள் குறைவு.

ஏற்காட்டு மலையில் இந்த இனத்துக்குத் தலைமை தாங்கியவர் சூசைமாணிக்கம். தலைச்சோலைப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். தளவாட அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. மண்வெட்டி, கவாத்துக் கத்தி, மருந்தடிக்கும் பம்பு என்று எது வந்தாலும், முதலில் எஸ்டேட்டின் அடையாளமான காப்பிக்கொட்டை முத்திரையும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் தன் கையாலேயே சுத்தியலால் தட்டிக் குத்திவிடுவார். நம்பர் இருந்தால் சொத்து, இல்லாவிட்டால் திருட்டு என்பது அவர் கட்சி. ஆட்களுக்கும் குத்தியிருப்பார். வலிக்குமே என்று விட்டு வைத்திருந்தார். இன்பமேரியின் டீக்கடைதான் அவருடைய ஹைகோர்ட்டு. யாராவது "எனக்குத் தெரியாம நடந்து போச்சுங்க" என்று வந்து நின்றால், "சட்டம் தெரியாதுன்னு சொன்னா சட்டம் ஒத்துக்காது கண்ணு" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் திருப்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட வந்ததில்லை.

எண்பதுகளில் ஒரு தேர்தல் சமயம். போலீஸ் ஜீப் ஒன்று மைக் கட்டிக்கொண்டு மலையைச் சுற்றி வந்தது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டால் வழக்குக் கிடையாது, அதற்குப் பிறகு பிடிபட்டால் ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போனது. பச்சைக் குழந்தைக்கும் விளங்கும்.

மாரமங்கலத்து முனியப்பனிடம் அப்படி ஒன்று இருந்தது. அவருடைய அப்பா காலத்தில் உள்ளூரிலேயே செய்த துப்பாக்கி. வெடித்தால் சாமைக் காட்டுக்குள் புகுந்த பன்றி ஓடும், வெடித்தவருக்கு ஒரு வாரம் காது கேட்காது. முனியப்பனுக்கு ஜெயில் என்றால் நடுக்கம். வெள்ளாமை வீட்டுக்கு வருகிற நேரத்தில் தன்னைச் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டால் காட்டை யார் பார்ப்பார்கள் என்று பல நாள் தூங்காமல், கடைசியில் மனைவி கண்ணாயியைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார்.

"ஏனுங்க ரைட்டரு, கொண்டுபோய்க் குடுத்துட்டாப் போதுங்களா?"

சூசைமாணிக்கம் கண்ணை மூடினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடுக்கலாம். ஆனா அதுல ஒரு பாயிண்ட் இருக்குது. துப்பாக்கில நம்பர் இருக்குதா?"

"ஊட்ல செஞ்சதுங்க. நம்பரு ஏதுங்க?"

"அங்கதான் மாட்டறே. நம்பர் இல்லாத துப்பாக்கியைக் கையில வச்சிருக்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லுது. சரி, அதை வாங்கிட்டு ரசீதுல என்னன்னு எழுதுவாங்க? நம்பர் இல்லீன்னா சட்டத்துக்கு முன்னால அது துப்பாக்கியே இல்லை. வெறும் இரும்புக் கொழா. மன்னிப்பு துப்பாக்கிக்குத்தான், கொழாய்க்கு இல்லை."

"வெறுங் கொழாயின்னா விட்டுருவாங்களேங்க?"

"மன்னிப்புன்னு வரப்ப அது கொழா. தண்டனைன்னு வரப்ப அது துப்பாக்கி."

அப்படியானால் நீங்களே ஒரு நம்பர் போட்டுக் கொடுங்கள் என்று முனியப்பன் கெஞ்சினார். கண்ணாயி மட்டும், "எங்க மாமனாரு காலத்துலிருந்து நம்பர் இல்லாமத்தானுங்க பன்னி ஓடுச்சு" என்றாள். பன்றிக்குச் சட்டம் தெரியாது என்று சூசைமாணிக்கம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தார்.

அன்று சாயங்காலமே தளவாட அறையில் வேலை நடந்தது. எண் குத்துவதில் சூசைமாணிக்கத்தின் கைக்கு நல்ல பழக்கம். பழக்கம் என்றால் அப்படி ஒரு பழக்கம். அவர் பாயிண்டை விளக்கிக்கொண்டே இருக்க, கை தன்பாட்டுக்கு முதலில் காப்பிக்கொட்டையைக் குத்தியது, அப்புறம் கடைசியாக வந்த மண்வெட்டியின் எண் 211 என்பதால் 212 என்று குத்தி முடித்தது. "இனி எவனும் கேள்வி கேட்க முடியாது" என்றார்.

மறுநாள் முனியப்பனும் கண்ணாயியும் ஸ்டேஷனுக்குக் கிளம்ப, அவரும் கூடவே போனார். பாயிண்டை நேரில் எடுத்துச் சொல்ல வேண்டாமா? அங்கே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் துப்பாக்கியிலும் நம்பர் இல்லை. நீட்டினார்கள், ரசீது வாங்கினார்கள், பஸ்ஸுக்கு நடந்தார்கள். சூசைமாணிக்கம் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

முனியப்பன் நீட்டியதை சப்-இன்ஸ்பெக்டர் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அந்தக் காப்பிக்கொட்டை யாருடையது என்று மலையில் தெரியாதவர் யார்?

"எஸ்டேட் துப்பாக்கி உன்கிட்ட எப்படி வந்துச்சு? திருடினியா?"

"இல்லீங்க, எங்கப்பனோடதுங்க."

"அப்ப இந்த நம்பர் பொய் நம்பர். துப்பாக்கி வச்சிருந்ததுக்குத்தான் வழக்கில்லைன்னு சொன்னோம். பொய் நம்பர் போட்டதுக்கு யார் சொன்னது? இது தனிக் கேஸ். குத்துனது யாரு?"

சூசைமாணிக்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். சொன்னால் எஸ்டேட் முத்திரையை வெளி வேலைக்கு எடுத்ததற்கு மேனேஜர் சீட்டைக் கிழிப்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மலை முழுக்க இனி யார் அவரிடம் பாயிண்ட் கேட்பார்கள்? சொல்லாமல் இருக்கவும் ஒரு பாயிண்ட் இருக்கத்தான் செய்தது. அதை அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே முனியப்பன், ரைட்டர் பக்கம் திரும்பாமல், "நாந்தானுங்க குத்தினேன்" என்றார்.

கண்ணாயி சூசைமாணிக்கத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தச் செக்ஷனிலும் பதில் இல்லை. பாவம், புலியும் மனிதர்தானே. இரண்டு அடி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க ஐயா குத்தினது. இவரு வாசல்ல நின்னாருங்க."

"நீங்கதான் சட்டம் தெரிஞ்ச ரைட்டரா?"

இந்த இனம் வாழ்நாளில் சொல்லாத வாக்கியம் ஒன்று உண்டு. அன்று அது அவர் வாயிலிருந்து வெளியே வந்தது.

"எனக்குச் சட்டம் தெரியாதுங்க."

"சட்டம் தெரியாதுன்னு சொன்னா..." என்று ஆரம்பித்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஒத்துக்காதுங்க. அது மட்டும் தெரியுமுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அதோடு பிழைத்தார்கள். அறியாமல் குத்தியது என்று சூசைமாணிக்கத்திடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஓர் அரத்தைக் கொண்டுவந்து அந்த நம்பரை ராவி எடுங்கள் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

"ஐயா," என்றார் சூசைமாணிக்கம், வாய் சும்மா இருக்காமல். "நம்பரை அழிக்கறது அதைவிடப் பெரிய குத்தமுங்க. அதுல ஒரு பாயிண்ட்..."

கண்ணாயி அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். உள்ளே இருந்து ரசீது வந்தது: நாட்டுத் துப்பாக்கி ஒன்று. அவ்வளவுதான். முனியப்பன் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மாதத்தில் முதல்முறையாக வயிறு நிறைய நாலு இட்லி சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரைட்டரிடம், "நீங்க இல்லீன்னா என்ன ஆயிருக்குமோங்க" என்று கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். கண்ணாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

விடுவாரா சூசைமாணிக்கம்? மறு வாரம் டீக்கடையில் கால்மேல் கால் ஏறிவிட்டது. "அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் போட்டேன் பாரு ஒரு பாயிண்ட்டு, எஸ்.ஐ.யே சிரிச்சுட்டாரு."

"என்ன பாயிண்ட்டுங்க அது?" என்று கேட்டாள் இன்பமேரி.

"அதையெல்லாம் வெளிய சொல்லக்கூடாது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் துப்பாக்கிக்கு உண்மையில் நம்பர் தேவையா, மன்னிப்புக் கொடுக்க ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டா, ராவி எடுத்தது சரிதானா என்று இதைப் படிக்கும்போதே உங்கள் மனசுக்குள் ஒருவர் கண்ணை மூடி டம்ளரைக் கீழே வைத்தாரே, அவர் யார்? தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் சட்டம் ஒத்துக்கொள்ளாது.