வாய் நிறையத் தண்ணீர்

திருச்சியில் வாய் நிறையத் தண்ணீரோடு சவாரி ஏற்றிய ஒரே ஆட்டோக்காரர் எங்கள் வாட்டர் டேங்காகத்தான் இருப்பார். அது ஸ்டாண்டில் வைத்த பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை நான் கேட்டதே இல்லை.

எனக்குத் தில்லை நகரில் வேலை, ஸ்ரீரங்கத்தில் வீடு. தினமும் சாயங்காலம் அவர் ஆட்டோவில்தான் திரும்புவேன். தங்கமான மனிதர். ஆனால் குறுக்கே யாராவது வந்துவிட்டால் அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக் காவிரிப் பாலமே காதைப் பொத்திக்கொள்ளும். திட்டி முடித்ததும் நெற்றியில் அடித்துக்கொள்வார். "போச்சு மேடம்! இந்த வாரமும் போச்சு!"

போனது எது என்று பிறகுதான் புரிந்தது. திட்டிய வாயால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பாலக்கரை கோயிலில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். சுத்தமாக வெளியே வருவார். வாசலிலேயே எவனாவது ஹாரன் அடிப்பான். மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நிற்பார்.

அதற்கு அவரே கண்டுபிடித்த வைத்தியம்தான் தண்ணீர். பாவத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு வாய் நிரப்பிக்கொண்டு வண்டியை எடுப்பார். வாயைத் திறக்க முடிந்தால்தானே திட்ட முடியும்?

ஒரு சனிக்கிழமை டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "பேர் என்னய்யா?"

வாட்டர் டேங்க் கன்னம் உப்ப என்னைத் திரும்பிப் பார்த்தார். "பல்வலிங்க சார், பேச முடியாது" என்று அளந்துவிட்டேன். போலீஸ்காரர் இரக்கப்பட்டு, கிராம்பு வைக்கச் சொல்லி அனுப்பினார்.

பாலம் ஏறியதும் தண்ணீரை விழுங்கினார். "எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே மேடம். இந்தப் பாவத்தை நீங்க எங்க போய்ச் சொல்லுவீங்க?"

"ரங்கநாதர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

அதற்குள் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. வாயில் தண்ணீர் இல்லை. அந்த டிரைவரின் ஏழு தலைமுறையும் நடுப்பாலத்துக்கு வந்துவிட்டது. ஆட்டோ பாலக்கரைக்கே திரும்பியது, என்னையும் ஏற்றிக்கொண்டு.

அவர் மகள் ஜெனிக்குப் புதுநன்மை வந்தது. முதன்முதலாக நன்மை வாங்கும் நாள். அப்பாவும் பக்கத்தில் நின்று வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். "இந்தத் தடவை விட மாட்டேன் மேடம். நீங்களும் வந்து பாருங்க" என்றார்.

போனேன். கோயில் வாசலில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். வாட்டர் டேங்கும் வெள்ளைச் சட்டையில், கன்னம் உப்ப நின்றார். ஓர் இளைஞன் பைக்குக்கு ஸ்டாண்ட் போட்டான். அது சாய்ந்து ஆட்டோவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டது. அவ்வளவுதான். முதலில் தண்ணீர் பீய்ச்சியது, பின்னாலேயே வார்த்தைகள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஜெனி அழுதுவிட்டாள்.

அவர் ஆட்டோவுக்குள் போய்ச் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. சத்தம் கேட்டு ஃபாதர் வந்தார்.

"பூசைக்கு நேரமாச்சு. இறங்குப்பா."

"வேணாம் ஃபாதர். நேத்துதான் மன்னிப்பு வாங்கினேன். இன்னிக்குப் புள்ளை முன்னாடியே இப்படி... எத்தனை வருஷமா ஒரே பாவத்தைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்? உங்களுக்கே சலிக்கலையா?"

"எனக்குச் சலிக்குதுப்பா" என்றார் ஃபாதர். "ஆனா மன்னிக்கிறது நான் இல்லையே. அவருக்குச் சலிக்கல. தள்ளி உட்காரு."

பூசை உடுப்போடு ஃபாதர் ஆட்டோவில் ஏறியதும் நான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இரண்டே நிமிஷத்தில் பாவசங்கீர்த்தனம் முடிந்தது. வாட்டர் டேங்க் இறங்கி நேராக அந்த இளைஞனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க தம்பி." அவன் மிரண்டுபோய், "சாரிண்ணே, சாரிண்ணே" என்று பின்னுக்கு நகர்ந்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன். ஜெனிக்குப் பக்கத்தில் கண் கலங்க, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். புதுநன்மை அவளுக்கா அவருக்கா என்று தெரியவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

என்னை வீட்டில் விட ஜெனியும் கூட வந்தாள். பாலத்தில் ஒரு கார் குறுக்கே புகுந்தது. அவர் வாய் திறந்தது. பின்சீட்டிலிருந்து ஜெனி சட்டென்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இப்போது நானே ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். எனக்கும் கோபம் வருகிறது, பையில் ஒரு பாட்டிலும் இருக்கிறது. வாயை அடக்கிவிட்ட நாட்களில் அவர் ஞாபகம் அவ்வளவாக வருவதில்லை. திட்டிவிட்டு வெட்கத்தோடு வீடு திரும்பும் நாட்களில்தான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.